டைல்ஸ் தரையில் தண்ணீர் இறங்கினால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

சேலையூரில் ஒரு வீட்டுச் சமையலறை வாசலில் ஆறு டைல்ஸை நான் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். முதல் முறை மாற்றி நாலு மாதத்தில் ஜாயின்ட் கறுத்தது, தட்டினால் காலிச் சத்தம் கேட்டது. பசைதான் சரியில்லை என்று வேறு பசை வாங்கி மறுபடி பதித்தேன். மூன்றாம் முறை அந்த வீட்டம்மா கூப்பிட்டபோதுதான் மேடைக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தேன். ஆர்.ஓ. மெஷினின் கழிவுநீர் டியூப், சுண்டுவிரல் பருமன்கூட இல்லாதது, சிங்க் பைப்பிலிருந்து நழுவிச் சுவரோரம் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை மேஸ்திரி கூலி என் கையைக் கடித்தது. டியூபைத் திரும்பச் செருக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தண்ணீர் வரும் இடத்தை விரலால் தொட்டுக் காட்ட முடியாதவரை உளியை எடுப்பதில்லை என்பது அதற்குப் பிறகு என் வழக்கம். தாம்பரம், வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கம் வீட்டுப் பழுதுவேலைகள் எடுத்துச் செய்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், நடுவில் வருடா வருடம் ஐப்பசி கார்த்திகை என்று இதே பழுதுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. உங்கள் தரை காட்டும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். காசில்லாத காரணங்களை முதலிலும் தரையை உடைக்க வைக்கும் காரணங்களைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

எதற்கும் முன்னால்

ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும்போதோ குழாயைத் தொடும்போதோ சுர்ரென்று இழுக்கிறதா? மேலே படிக்க வேண்டாம். கால் காய்ந்த இடத்தில் இருக்க, மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பல வீடுகளில் ஒயர் போகும் பைப் தரைக் கலவைக்குள்ளேயே ஓடுகிறது. அதில் தண்ணீர் நிற்கும்போது டைல்ஸ் வேலை பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

அது இல்லையென்றால் நாலு பொருள் போதும்: டார்ச், பென்சில், தட்டிப் பார்க்க ஒரு மரக்கைப்பிடி (ஸ்குரூ டிரைவரின் பின்பக்கம் போதும்), ஒரு பாட்டில் சொட்டு நீலம்.

பல அறிகுறிகளுக்கும் பொதுவான ஒரு சோதனையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தனி வீடானால், இரவு படுக்கும் முன் எல்லாக் குழாய்களையும் மூடி, மாடித் தொட்டியின் நீர்மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். டாய்லெட் ஃபிளஷ் டேங்குக்குப் போகும் வால்வையும் மூட வேண்டும். அதை மறந்துவிட்டு, சுவருக்குள் பைப் உடைந்துவிட்டது என்று பதறியவர்கள் பலர். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் அழுத்தத்தில் உள்ள ஏதோ ஒரு குழாய் கசிகிறது. இறங்காவிட்டால் கழிவுநீர்ப் பக்கம் பாருங்கள். தொட்டி பொதுவாக இருக்கும் அடுக்ககத்தில், ஊருக்குப் போகும் இரண்டு நாளில் உங்கள் வீட்டு வால்வை அடைத்துவிட்டு, தரையில் ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது ஈரம் கோட்டுக்கு உள்ளே சுருங்கியிருந்தால் உங்கள் வீட்டுத் தண்ணீர்தான். அப்படியே இருந்தாலோ பரவியிருந்தாலோ மேல் வீடு, பக்கத்து வீடு, மழை, நிலத்தடி ஈரம் இவற்றில் ஒன்று.

அறிகுறி: ஓரிடத்தில் மட்டும் ஜாயின்ட் கறுத்திருக்கிறது, மிதித்தால் தண்ணீர் பிதுங்குகிறது

எப்போது ஈரமாகிறது என்று மூன்று நாள் பாருங்கள். பதில் பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும்.

மழை பெய்தால் மட்டும் வருகிறதா? பால்கனியையும் ஜன்னலையும் பாருங்கள். பால்கனித் தரையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் அது வெளியே ஓட வேண்டும். ஹால் பக்கம் வந்தால் வாட்டம் தவறு. சருகு அடைத்த பால்கனிக் குழாயைச் சுத்தம் செய்ததோடு முடிந்துபோன வீடுகளும் உண்டு.

ஏதாவது மெஷின் ஓடும்போது மட்டும் வருகிறதா? ஏ.சி.யின் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டு சுவர் வழியே ஸ்கர்டிங்குக்கு (சுவரடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டைக்கு) பின்னால் இறங்கும். வாஷிங் மெஷின் கடைசியில் தண்ணீரைத் துப்பும்போது பைப் துள்ளி வெளியே வந்துவிடும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு வழியும். அப்புறம் என்னைக் கவிழ்த்த ஆர்.ஓ. டியூப். எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சிங்க்குக்கு அடியில் உள்ள ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூ பேப்பரால் துடைத்தால், கண்ணுக்குத் தெரியாத கசிவு பேப்பரில் தெரியும்.

தரை துடைத்த அன்று மட்டும் வருகிறதா? டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கிரவுட் போய்விட்டது. பழைய வீடுகளில் ஒயிட் சிமென்ட்டைக் குழைத்து அடைத்திருப்பார்கள், அது காலப்போக்கில் தூளாகும். நம் ஊரில் அதைச் சீக்கிரம் கொல்வது ஆசிட். கறை போகிறது என்று மாதம் ஒரு முறை ஆசிட் ஊற்றித் தேய்க்கிறோம். டைல்ஸுக்கு ஒன்றும் ஆகாது, நடுவிலுள்ள சிமென்ட்டை அது தின்றுவிடும். நகத்தால் கீறினால் மாவாக வருகிறதா, பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். மேலாகப் பூசினால் இரண்டு மாதத்தில் ஏடாக உரிந்து வரும். டைல்ஸ் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு ஆழமாவது சுரண்ட வேண்டும்.

எப்போதுமே ஈரமாக இருக்கிறதா? தொட்டிச் சோதனையைச் செய்யுங்கள். மட்டம் இறங்கினால், பிளம்பரிடம் கைப்பம்பு வைத்து லைன் லைனாக அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். "இங்கேதான் இருக்கும்" என்று காதை வைத்துக் கேட்டுவிட்டு உடைக்கத் தொடங்குபவர் வேண்டாம். தண்ணீர் தெரியும் இடமும் பைப் ஓட்டையாகும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். டைல்ஸுக்கு அடியிலுள்ள மணல் கலவை திரிபோலத் தண்ணீரை இழுத்துக்கொண்டு பத்தடி தள்ளிக் கொண்டுபோய்க் காட்டும்.

அறிகுறி: பாத்ரூம் வாசலுக்கு வெளியே ஈரம், நிலையின் அடி உப்பிப்போகிறது

என்னிடம் வரும் அழைப்புகளில் பாதி இதுதான். வாசலை ஒட்டிய ஹால் டைல்ஸின் ஜாயின்ட் கறுக்கும், பக்கத்துச் சுவரில் ஓரடி உயரத்துக்குப் பெயின்ட் பொரிந்து உதிரும். மரநிலையானால் அடிப்பாகம் ஊறி, கதவு இழுத்துப் பிடிக்கும்.

முதலில் அந்தப் பாத்ரூமை நாலைந்து நாள் யாரும் பயன்படுத்தாமல் பூட்டிவையுங்கள். வீட்டில் ஒரே பாத்ரூம்தான் என்றால் இந்தச் சோதனை முடியாது, அடுத்த பத்திக்குப் போங்கள். ஈரம் குறையத் தொடங்கினால் தண்ணீர் மேலிருந்து, அதாவது நாம் குளிக்கும் தண்ணீரிலிருந்து போகிறது. குறையவே இல்லையென்றால் குழாய்.

மேலிருந்துதான் என்றால் இந்த வரிசையில் பாருங்கள். தரைத் தண்ணீர் வெளியேறும் துளையின், அதாவது நஹானி டிராப்பின் மூடியைத் தூக்கி, பைப் கழுத்துக்கும் டைல்ஸுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவுங்கள். சந்தேகத்துக்கு உரிய முதல் ஆள் இதுதான். இரண்டாவது, சுவரும் தரையும் சேரும் மூலை. மூன்றாவது, வாசலில் உள்ள கிரானைட் படியின் இரண்டு ஓரங்கள். நான்காவது, குழாய்கள் சுவருக்குள் நுழையும் இடத்தில் வட்டத் தகட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டை. ஹெல்த் ஃபாசெட் (டாய்லெட் பக்கத்துக் கைக்குழாய்) தொங்கும் இடத்தை மறக்காதீர்கள், அது சொட்டினால் அந்த மூலை நாளெல்லாம் ஊறிக்கொண்டே இருக்கும்.

இவற்றை அடைக்க டைல்ஸை எடுக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் ஃபேன் போட்டுக் காயவிட்டு, பழையதைச் சுரண்டி, எபாக்சி கிரவுட்டால் நிரப்பலாம். டிராப் கழுத்துக்கு எபாக்சி புட்டி சரியாகப் பிடிக்கும். படியின் ஓரத்துக்கும் மூலைகளுக்கும் சிலிக்கான் சீலன்ட். இடம் காயாமல் செய்தால் எதுவும் ஒட்டாது. எபாக்சியை அடுத்த 24 மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வையுங்கள். எபாக்சி கலக்குபவருக்குக் கை வேகமாக இருக்க வேண்டும். டைல்ஸ்மேல் வழிந்ததை உடனே துடைக்காவிட்டால் பிறகு அது ஆயுளுக்கும் கறை.

அதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் வாசல்படிக்கு அடியில் வாட்டர் ப்ரூஃபிங் இல்லாமல் கட்டியிருக்கிறார்கள். படியை எடுத்து, பாத்ரூம் பக்கம் முதல் வரிசை டைல்ஸை எடுத்து, கீழே கான்கிரீட் வரை போய்ப் பூச்சு கொடுத்து மூட வேண்டும். இது நாம் ஞாயிற்றுக்கிழமை செய்கிற வேலை இல்லை. வாட்டர் ப்ரூஃபிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். முடித்துவிட்டேன் என்று அவர் சொன்னதும் டைல்ஸ் பதிக்க விடாதீர்கள். 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகுதான் பதிக்க வேண்டும்.

அறிகுறி: கீழ் வீட்டுக்காரர் சீலிங்கில் கசிவு என்று வந்து நிற்கிறார்

சண்டைக்கு முன் சோதனை. இரண்டு வீட்டாரும் சேர்ந்து செய்தால் ஒரு நாளில் முடியும். ஒருவர் மேலே, ஒருவர் கீழே டார்ச்சோடு. நடுவில் போன்.

ஒன்று: தரையை நனைக்காமல், ஒரு ஹோஸ் பைப்பை டிராப்புக்குள்ளேயே விட்டுப் பத்து வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். அதில் சொட்டு நீலம் தாராளமாகக் கலந்துகொள்ளலாம். தரையில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளை கிரவுட் நீலமானால் போகாது. அரைமணி நேரத்தில் கீழே புதிதாகச் சொட்டினால் டிராப் இணைப்போ கழிவுநீர்ப் பைப்போதான். தரைக்குப் பழி போட வேண்டாம்.

இரண்டு: கீழே ஒன்றும் வரவில்லை என்றால் டாய்லெட்டை ஏழெட்டு முறை ஃபிளஷ் செய்யுங்கள். இப்போது சொட்டினால் கோப்பையின் அடி இணைப்பு.

மூன்று: அதிலும் இல்லையா, டிராப்பைப் பிளாஸ்டிக் பைக்குள் துணி வைத்து இறுக்கி அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். மட்டத்தைச் சுவரில் குறித்துக்கொண்டு 24 மணி நேரம் விடுங்கள். பக்கத்தில் ஒரு தட்டிலும் தண்ணீர் வைத்து அதன் மட்டத்தையும் குறியுங்கள். தட்டில் குறைந்தது ஆவியானது. தரையில் அதைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தால் அது கீழே போனது. ஐந்துக்கு எட்டு அடி பாத்ரூமில் ஓர் அங்குலத் தண்ணீர் என்பது சுமார் 95 லிட்டர், அதாவது 95 கிலோ பாரம். கீழே சீலிங் பூச்சு ஏற்கெனவே பெயர்ந்து தொங்கினால் இந்தச் சோதனை வேண்டாம்.

நான்கு: மேல் வீட்டில் ஆளே இல்லாதபோதும் ஒரே வேகத்தில் சொட்டுகிறது என்றால் நல்ல தண்ணீர் பைப். பிளம்பர், கைப்பம்பு.

ஒரு விதிவிலக்கு உண்டு. அடுக்ககங்களில் பாத்ரூம் கான்கிரீட்டை ஹாலைவிடத் தாழ்த்தி ஊற்றி, அந்தப் பள்ளத்தில் செங்கல் ஜல்லியை நிரப்பி மேலே டைல்ஸ் பதிப்பார்கள். சங்கன் ஸ்லாப் என்பது அதுதான். அந்தப் பள்ளம் தொட்டிபோல நிரம்பியிருந்தால், மேலே நீங்கள் எல்லாக் கசிவையும் அடைத்த பிறகும் வாரக்கணக்கில் கீழே சொட்டிக்கொண்டே இருக்கும். அடைத்த மறுநாளே "இன்னும் நிற்கவில்லையே" என்று மறுபடி உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சொட்டும் வேகம் குறைகிறதா என்று கீழே ஒரு வாளி வைத்து தினமும் அளந்து பாருங்கள். குறைந்தால் காத்திருங்கள். மூன்று வாரமாகியும் குறையவே இல்லை என்றால் முழுப் பாத்ரூமையும் கான்கிரீட் வரை எடுத்துச் செய்ய வேண்டியிருக்கும். இந்தப் பட்டியலில் செலவு அதிகமான வேலை இதுதான்.

கீழ் வீட்டு சீலிங்கில் துருக்கறை, கம்பி வெளியே தெரிவது, கான்கிரீட் துண்டு விழுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் டைல்ஸ் மேஸ்திரி வேண்டாம், ஸ்டிரக்சுரல் இன்ஜினியர்தான்.

அறிகுறி: தட்டினால் காலிச் சத்தம்

முதலில் எல்லை கண்டுபிடியுங்கள். மரக்கைப்பிடியால் மூலைக்கு மூலை தட்டி, காலிச் சத்தம் கேட்கும் இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போடுங்கள். மூலையில் மட்டும் சத்தம், டைல்ஸ் அசையவில்லை, ஜாயின்ட் விரியவில்லை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். பீரோ காலையோ வாஷிங் மெஷினையோ மட்டும் அதன்மேல் வைக்காதீர்கள். பதிக்கும்போதே கலவை சரியாக நிரம்பாமல் பல வருடம் அப்படியே கிடக்கும் டைல்ஸ் ஏராளம். தட்டிப் பார்த்துப் பயமுறுத்தி வேலை பிடிப்பவர்களும் உண்டு.

ஒரு மாதம் கழித்து மறுபடி தட்டுங்கள். பெருக்கல் குறி பரவியிருந்தால் கீழே தண்ணீர் வேலை செய்கிறது. முந்தைய மூன்று தலைப்புகளுக்குப் போய் அதை முதலில் நிறுத்துங்கள்.

தண்ணீர் நின்று, காய்ந்த பிறகும் நாலைந்து டைல்ஸ் ஆடுகிறது, உடையவில்லை என்றால் எடுக்காமலே சரிசெய்யலாம். ஜாயின்ட்டில் சின்ன டிரில்லால் துளை போட்டு, தூசியை உறிஞ்சி எடுத்து, மெல்லிய எபாக்சியை ஊசிக்குழலால் ஏற்றி, மேலே மணல் மூட்டை வைத்து ஒரு நாள் விட வேண்டும். அடுத்த துளையில் எபாக்சி எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள். அழுத்தி ஏற்றினால் டைல்ஸ் தூக்கிக்கொள்ளும். துளை ஜாயின்ட்டில்தான், டைல்ஸில் இல்லை. கீழே பைப்போ ஒயரோ போகிறது என்று சந்தேகம் இருந்தால் டிரில்லைத் தொடவே வேண்டாம்.

பத்துக்கு மேல் போனால் ஊசி வைத்தியம் கட்டாது. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். எனக்கு இந்தத் தொழிலில் பிடித்த நிமிடம் அதுதான், டைல்ஸின் முதுகு பொய் சொல்லாது.

முதுகு கடையில் வாங்கியதுபோலச் சுத்தமாக இருக்கிறதா? விட்ரிஃபைட் டைல்ஸை வெறும் சிமென்ட் பாலில் பதித்திருக்கிறார்கள். விட்ரிஃபைட் தன் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும். அதனால் சிமென்ட் பால் அதைச் சரியாகப் பிடிக்காது, கொஞ்சம் ஈரம் அசைத்தாலே விட்டுவிடும். டைல்ஸ் நல்லதுதான், அதையே திரும்ப டைல்ஸ் பசையில் பதிக்கலாம். முதுகில் வெள்ளைப் பவுடர் படிந்திருந்தால் கம்பி பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டுப் பதியுங்கள். சூளைத் தூள் அது. அதைத் துடைக்காமல் பதிப்பது மாவு தடவிய தட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவது மாதிரி.

முதுகில் சிமென்ட் நன்றாகப் பிடித்திருக்கிறது, ஆனால் கீழே கலவை விரலால் கிண்டினால் மணலாக வருகிறதா? கலவையில் சிமென்ட் போதவில்லை, அல்லது தண்ணீர் ஓடி அரித்திருக்கிறது. அந்தப் பகுதி முழுக்கக் கலவையை எடுத்துப் புதிதாகப் போட வேண்டும். மேலே பசை எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் மணல்மேல் நிற்காது.

கலவையோடு சேர்ந்து பாளமாக வருகிறதா? கான்கிரீட்டுக்கும் கலவைக்கும் பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது. பக்கத்து டைல்ஸும் இதே கதையாகத்தான் இருக்கும். அறை முழுவதற்கும் மனத்தையும் பணத்தையும் தயார் செய்துகொண்டு மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: இரண்டு டைல்ஸ் கூடாரம்போல எழும்பி நிற்கிறது

நள்ளிரவில் 'படார்' என்று கேட்டு, நில அதிர்ச்சியோ என்று தெருவுக்கு ஓடிய குடும்பத்தை எனக்குத் தெரியும். டைல்ஸை இடைவெளியே விடாமல் முட்ட முட்டப் பதித்ததுதான் அடிப்படைக் காரணம். ஈரத்திலும் வெயிலிலும் நீள இடமில்லாமல், பிடிப்பு குறைந்த இடத்தில் தூக்கிக்கொள்கிறது.

எழும்பியதை மிதித்து அமுக்காதீர்கள். உடையும் துண்டு பிளேடு மாதிரி, குழந்தைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம். சுற்றியுள்ள ஜாயின்ட்களை கிரைண்டரால் வெட்டி அழுத்தத்தை இறக்கிவிட்டு, எழும்பியதை மட்டும் எடுங்கள். திரும்பப் பதிக்கப் போகும்போது பழைய டைல்ஸ் அதே இடத்தில் கொள்ளவில்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம், பக்கத்தில் உள்ளவை நகர்ந்திருக்கும். ஓரத்தைக் கொஞ்சம் அரைத்து, 2 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்துப் பதியுங்கள். சுவரோரம் ஸ்கர்டிங்குக்கு அடியில் ஆறேழு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் சிமென்ட்டை அடைத்து வைத்திருந்தால் சுரண்டி எடுங்கள். வரிசை வரிசையாக எழும்பினால் அறை முழுக்க மறுபடி பதிப்பதுதான் வழி.

அறிகுறி: ஜாயின்ட்டில் வெள்ளையாக உப்பு பூக்கிறது

உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கரைந்து திரும்ப உள்ளேயே போகும். காய்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி எடுங்கள். ஒரு வாரத்தில் மறுபடி பூத்தால் கீழே இன்னும் ஈரம் இருக்கிறது. புதிதாகப் பதித்த தரையில் சில மாதம் பூத்து நின்றுபோவது சாதாரணம். பழைய தரையில் திடீரென்று பூத்தால் தண்ணீரைத் தேடுங்கள்.

தரைத்தளத்தில் எந்தக் குழாயும் இல்லாத அறையில் பூக்கிறதா? ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பாலிதீன் தாளை, காய்ந்த தரையில் நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் அடியில், ஜாயின்ட் ஓடும் கோட்டில் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. கிரவுட் மாற்றுவதால் இது தீராது. வீட்டைச் சுற்றி மழைநீர் தேங்காமல் வாட்டம் கொடுப்பதும், கிச்சன் கழிவுநீர் சுவரோரம் விழாமல் தள்ளிவிடுவதும்தான் முதல் மருந்து.

அறிகுறி: தரை பள்ளம் வாங்குகிறது, ஸ்கர்டிங்குக்குக் கீழே இடைவெளி தெரிகிறது

தரைத்தள வீடுகளில் மட்டும் வருவது. கோலிக்குண்டு ஒன்றை விட்டால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும். ரசமட்டம் இருந்தால் இன்னும் நல்லது. ஸ்கர்டிங்குக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைப் பக்கத்தில் தேதியோடு குறித்து வையுங்கள்.

காரணங்கள்: எலி வளை, தரைக்கு அடியில் உடைந்த கழிவுநீர்ப் பைப் மணலை அரித்துக்கொண்டு போவது, வெள்ளத்தில் நிரப்பு மணல் இறங்குவது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழைக்குப் பிறகு, தூத்துக்குடிப் பக்கத்து உறவினர் ஒருவர் போனில் படம் அனுப்பிக் கேட்டது இதைத்தான். டைல்ஸ் ஒன்றுகூட உடையவில்லை, அறையின் நடு மட்டும் தட்டுபோலக் குழிந்திருந்தது. மாதம் ஒரு முறை அளந்து, இரண்டு மழைக்காலம் நகராமல் இருந்தால் மேலே சமன் செய்து பதித்துக்கொள்ளலாம். வளர்ந்துகொண்டே போனாலோ சுவரிலும் சாய்வாக விரிசல் ஓடினாலோ அது அஸ்திவார விஷயம், உடனே இன்ஜினியர்.

வெள்ளம் வந்து போன வீடு

இங்கே அவசரம்தான் எதிரி. சேற்றை அள்ளி, நல்ல தண்ணீரால் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் துடையுங்கள். அதே நாளில் ஆசிட்டை ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் அது ஆளையே சாய்க்கும்.

விட்ரிஃபைட் டைல்ஸுக்கு வெள்ளத்தால் கெடுதல் ஏதும் இல்லை. கெடுவது கிரவுட்டும் கீழேயுள்ள கலவையும்தான். நாற்றம் போகவில்லை என்றால் கிரவுட் சாக்கடையைக் குடித்திருக்கிறது, சுரண்டி எடுங்கள். மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெயே கலந்து வீட்டுக்குள் வந்தது. அப்படி எண்ணெய் ஊறிய ஜாயின்ட்டில் புது கிரவுட் ஒட்டாது, ஆழமாக எடுத்தே ஆக வேண்டும்.

சுரண்டிய ஜாயின்ட்டைத் திறந்தே விடுங்கள். ஈரம் வெளியேற அதுதான் வழி. தை பிறந்து, பாலிதீன் சோதனையில் தாள் காய்ந்து வந்த பிறகு அடைத்தால் போதும். மார்கழிக் காற்றில் ஈரம் காயாது. வீட்டுக்காரர்கள் பொங்கலுக்குள் முடித்துத் தரச் சொல்வார்கள். பொங்கல் அன்று கோலம் போட வாசல் இருக்கிறது, ஹால் இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று சொல்லிவிடுவேன்.

ஒரு டைல்ஸை மட்டும் எடுத்துப் பதிப்பது

சுற்றி நாலு ஜாயின்ட்டையும் முதலில் வெட்டிவிடுங்கள். இதைச் செய்யாமல் உளியை வைத்தால் பக்கத்து டைல்ஸின் ஓரம் பெயரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, நடுவில் உடைக்கத் தொடங்கி ஓரத்துக்கு வாருங்கள். ஓரத்தில் நெம்ப வேண்டாம். கீழே பழைய கலவையை, டைல்ஸ் தடிமனோடு பசைக்கும் சேர்த்து இடம் இருக்கும் ஆழத்துக்குச் சுரண்டி, தூசியைத் துடைத்து எடுங்கள். பசையைப் பல் வைத்த கரணையால் வரியாக இழுத்து, டைல்ஸின் முதுகிலும் மெல்லியதாகத் தடவி வைத்து, ரப்பர் சுத்தியால் தட்டி, மட்டப்பலகையால் பக்கத்து டைல்ஸோடு சமம் பாருங்கள். நாலு மூலையில் நாலு உருண்டை வைத்து நடுவைக் காலியாக விடுவது எங்கள் ஆட்களின் பழைய பழக்கம். நின்று பார்த்துத் தடுங்கள். 24 மணி நேரம் மிதிக்காமல் விட்டு, பிறகு கிரவுட்.

அதே டைல்ஸ் கிடைக்கவில்லையா? ஒரே பெயரில் வாங்கினாலும் வேறு பேட்ச் என்றால் நிறம் ஒரு பொட்டு மாறும், அளவுகூட அரை மில்லிமீட்டர் மாறும். பரணில் மிச்சப் பெட்டி இல்லாத வீடுகளில் நான் முதலில் தேடுவது பீரோவுக்கு அடியில்தான். அங்கே இருப்பதைப் பத்திரமாக எடுத்து ஹாலில் போட்டுவிட்டு, கடையில் வாங்கிய புதிதை பீரோவுக்கு அடியில் பதித்துவிடுவேன். புதிதாக வீடு கட்டுபவராக இருந்தால் இரண்டு பெட்டி கூடுதலாக வாங்கி, பேட்ச் எண் அச்சடித்த பக்கம் வெளியே தெரியும்படி பரணில் ஏற்றிவையுங்கள்.